பெல்ட் போர்வைக்கு மேலே

என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. விமானத்தைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறார். பிரான்சுக்குப் போகிறவர்கள், சிங்கப்பூருக்குப் போகிறவர்கள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ஊறுகாய் பாட்டிலை எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும், கத்தரிக்கோல் இருந்தால் எங்கே பிடுங்கிக்கொள்வார்கள், எந்த வாசலில் வரிசை சீக்கிரம் நகரும் என்பதெல்லாம் அத்துப்படி. "பயப்படாதீங்க, உள்ள போயி உக்காந்தா நம்ம பஸ்சு மாதிரிதான் இருக்கும்" என்று முதல்முறை பறப்பவர்களுக்குத் தைரியம் வேறு சொல்வார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

இறக்கிவிட்ட உடனே வண்டியை எடுத்துவிடுகிற ஆளும் இல்லை. கதவுக்குள் போய் அவர்கள் திரும்பிக் கையசைக்கும் வரைக்கும் நிற்பார். "பாத்துப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

நீண்ட பயணங்களுக்கு நானும் கூடப் போவேன். அவருக்குக் கண் அசரக் கூடாது என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவது என் வேலை. நான் ஏம்பலத்தில் கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவள். பேச்சுக்குப் பஞ்சமில்லை. அவர் தூங்க நினைத்தாலும் நான் விடமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் புதுச்சேரி எது, தமிழ்நாடு எது என்று சாலையைப் பார்த்தால் தெரியாது. நெல்வயல் ஒன்றாகத்தான் ஓடும். சோதனைச் சாவடி வந்தால்தான் எல்லை வந்தது தெரியும். சாவடி வருவதற்கு முன்னால் அவர் தன் பெல்ட்டைத் தோளுக்குக் குறுக்கே இழுத்து, முனையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொள்வார். என்னிடம் "பிடிச்சிக்கோ" என்பார். நானும் என் பெல்ட்டை இழுத்து இடுப்பருகே கையில் பிடித்துக்கொள்வேன். வெளியிலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு மாட்டிய மாதிரியே இருக்கும். சாவடி தாண்டியதும் "விடு" என்பார். விட்டுவிடுவேன். அது சர்ரென்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பயணத்துக்கு நாலைந்து தடவை பிடித்து, நாலைந்து தடவை விடுவேன்.

உண்மையில் மாட்டலாம் என்றாலும் முடியாது. வேன் சீட்டுகளுக்கு வில்லியனூரில் சொல்லி மெரூன் கலரில் ரெக்சின் உறை தைத்துப் போட்டிருந்தார். ஓரத்தில் தங்க நிறத்தில் தையல் ஓடும். யாரும் அதன் மேல் ஈரத் துணியோடு உட்காரக் கூடாது. பிள்ளைகள் முறுக்கு தின்னக் கூடாது. அந்த உறைக்கு அடியில்தான் பெல்ட்டின் லாக்குகள் எல்லாம் புதைந்து கிடந்தன. "அது துருத்திக்கினு இருந்தா சீட்டு அழகாவா இருக்கும்?" என்பார்.

எங்கள் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அவள் மாமியார் உடம்புக்கு முடியாதவர் என்பதால் நான்தான் போயாக வேண்டும். தனியாகப் போக எனக்குப் பயம் என்று சொன்னேன். "இன்னாத்துக்குப் பயம்? நான் எத்தினி பேர ஏத்தி வுட்டிருக்கறன், ஒருத்தராவது விழுந்தாங்களா?" என்றார். ஏற்றிவிட்டது அவர் இல்லை, இறக்கிவிட்டதுதான் அவர் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கிளம்பினோம்.

மதிய விமானம். எனக்குச் சன்னல் ஓரம், அவருக்கு நடைபாதை ஓரம். உள்ளே வந்ததிலிருந்து அவர் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பெண் நின்று பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று செய்து காட்டிய நேரத்தில் அவர் மேலே இருந்த காற்றுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல இரண்டு முனைகளையும் மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்து, அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "பிடிச்சிக்கோ. வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க."

நான் பிடித்துக்கொள்ளவில்லை, மாட்டினேன். அந்தப் பெண் காட்டியபடியே பெல்ட்டின் நாக்கைச் சொருகி, டக் என்று சத்தம் வந்த பிறகு வாலைப் பிடித்து இறுக்கினேன். அவர் பார்த்தால் "பயந்தாங்கொள்ளி" என்று மகள் வீடு போய்ச் சேரும் வரைக்கும் கேலி செய்வார் என்று முந்தானையை எடுத்து மேலே போட்டு மூடிக்கொண்டேன். அவர் மாட்டாததை மாட்டியது போலக் காட்டிக்கொண்டார், நான் மாட்டியதை மாட்டாதது போல மறைத்துக்கொண்டேன். இப்படி ஒரு ஜோடி அந்த விமானத்தில் வேறு இருந்திருக்காது.

வண்டி மேலே ஏறியதும் குளிர்கிறது என்று ஒரு போர்வை கேட்டு வாங்கி இடுப்புவரை போர்த்திக்கொண்டார். பெல்ட் விஷயம் அதோடு அவருக்கு மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை. சொல்லலாமா என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். சொன்னால் என் பெல்ட் தெரிந்துபோகும். பேசாமல் இருந்துவிட்டேன். எதற்கெல்லாமோ வாய் ஓயாத நான் அதற்கு மட்டும் ஏன் மூடிக்கொண்டேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் பக்கத்து வரிசைகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. நாங்கள் தமிழ் என்று கண்டதும் தமிழிலேயே பேசினாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது அவர், "மாசம் பூராவும் இப்பிடி ஆகாசத்துலயே கெடக்கறியேம்மா, உனக்கு பயமா இல்ல?" என்று கேட்டார். "உங்களுக்குத் தண்ணி வேணுமா சார்?" என்று சிரித்தாள். கேள்வியை அழகாகத் தள்ளிவிட்டாள் என்று எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

தட்டுகளை எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்னதாக. கரும்பு ஏற்றிய டிராக்டர் மண்பாதையில் போகிற மாதிரி. "உங்க ஏம்பலத்து ரோடு மேலயும் வந்துடுச்சி போல" என்று கேலி செய்தார். மணி ஒன்று அடித்து, தலைக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்தது. அந்தப் பெண் முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவரின் மடியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். தூங்கியவர்களை எழுப்பவில்லை. போர்வைக்கு மேலே பெல்ட் தெரிந்தால் தாண்டினாள், தெரியாவிட்டால் நின்றாள்.

எங்களிடம் வருவதற்குள் விமானம் பக்கவாட்டில் ஒரு தடவை தூக்கிப் போட்டது. உடனே விமானியின் குரல் வந்தது. நீளமாக ஒன்றும் இல்லை. பணியாளர்களை உடனே உட்காரச் சொல்கிற நாலு வார்த்தை. பின்னாலிருந்த மற்ற இரண்டு பணிப்பெண்களும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். அவளும் போயிருக்கலாம். அவள் சீட் எங்களுக்கு மூன்று வரிசைக்குப் பின்னால்தான் இருந்தது.

அவள் எங்கள் வரிசையில் நின்றாள்.

"சார், பெல்ட்ட போர்வைக்கு மேல போடுங்க."

"போட்டுக்கினுதாம்மா இருக்கறன்."

"மேல இருந்தா நாங்க பாத்துட்டுப் போயிடுவோம் சார்."

"போட்டிருக்கறன், நீ போம்மா. உன்னத்தான உக்காரச் சொல்றாங்க, போ."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் சீக்கிரம் போய் உட்கார வேண்டுமே என்ற அக்கறை அந்தக் குரலில் இருந்தது. பொய்யும் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

சன்னலைப் பார்த்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு கையால் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், போர்வையை விலக்கினாள். இரண்டு முனைகளும் தனித்தனியாக மடியில் கிடந்தன. அவள் முகம் சுளிக்கவில்லை. ஏன் சார் பொய் சொன்னீங்க என்று கேட்கவில்லை. எடுத்தாள், மாட்டினாள், டக் என்றது, வாலை இழுத்து இறுக்கினாள். போர்வையைப் பெல்ட்டுக்கு அடியில் சரியாக விட்டாள். நிமிர்ந்தாள்.

விமானம் விழுந்தது.

எனக்கு வேறு சொல் தெரியவில்லை. வயிற்றில் பெல்ட் அறுத்தது. காகிதக் கோப்பைகள், ஒரு செருப்பு, யாருடையதோ ஒரு போன் எல்லாம் தாமாக எழுந்து மேலே போயின. அவளும் போனாள். தலை மேலே பெட்டி வைக்கும் தட்டில் மோதியது எனக்குக் கேட்டது. அடுத்த கணம் நடைபாதையில் கை மடங்கி அதன் மேலேயே விழுந்தாள். விமானம் மறுபடி விழப் போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அதற்குள் சாய்ந்து அவள் மேல்கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை அது. என் பக்கம் திரும்பாமலே கத்தினார்: "பிடிச்சிக்கோ!"

சாவடிக்கு முன்னால் சொல்கிற அதே வார்த்தை. நான் அவர் மடிமேல் குறுக்கே விழுந்து அவள் முதுகுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். என்னை என் பெல்ட் பிடித்துக்கொண்டது, அவரை அவள் மாட்டிவிட்ட பெல்ட் பிடித்துக்கொண்டது. அவளுக்கு எங்கள் நாலு கைகள்தான்.

இரண்டாவது தடவை விழுந்தது. மூன்றாவது தடவை பக்கத்தில் சாய்ந்து விழுந்தது. விளக்கு அணைந்து எரிந்தது. பின்னால் யாரோ குழந்தையின் பெயரைச் சொல்லி அலறினார்கள். நான் வில்லியனூர்க் கோயில் சாமியைக் கூப்பிட்டேன். அது போதுமா என்று சந்தேகம் வந்து வில்லியனூர் மாதாவையும் கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்காக என்று சொல்ல முடியாது. என் மகளைப் பற்றிக்கூட அப்போது நினைப்பு வரவில்லை. என் கையில் இருந்த சட்டைக்குள் இருப்பது யாரோ பெற்ற பிள்ளை. அவள் அம்மா இந்த நேரம் எங்கேயோ துணி மடித்துக்கொண்டிருப்பாள். கையை விட்டால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? முகம் அவர் முழங்காலில் அழுந்தியிருக்க, அப்படியே கத்தினாள்: "யாரும் பெல்ட்ட கழட்டாதீங்க! கழட்டாதீங்க!" தமிழில், ஆங்கிலத்தில், இந்தியில். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தமிழில். அந்தக் குரலில் அழுகை இல்லை. வலியில் கிடக்கிற ஒருத்தி சுற்றி இருப்பவர்களை அதட்டிக் காப்பாற்றுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கட்டத்தில் ஆட்டம் குறைந்து டிராக்டராகி, பிறகு நல்ல சாலையாகியது. நாங்கள் விடவில்லை. அவள்தான், "விடுங்கம்மா, நான் போகணும்" என்றாள். என் விரல்களைப் பிரிப்பதற்கே நேரமாயிற்று.

அவளுக்கு இடது மணிக்கட்டு அதற்குள்ளேயே வீங்கியிருந்தது. நெற்றியில் முடிக்கு அருகில் புடைத்திருந்தது. கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து, ஒரு முனையைப் பல்லால் கடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இரண்டு வரிசை முன்னால் பெல்ட் போடாத ஒருவருக்கு நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. அவரிடம் போனாள். ஐஸ் கட்டியை வைத்து அழுத்திப் பிடிக்க அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அழுத குழந்தையிடம், பிறகு மூச்சுத் திணறிய ஒரு பெரியவரிடம். கூட வேலை பார்க்கும் பெண் வந்து, சீட்டில் உட்காரச் சொல்லி இழுத்தாள். தலையை ஆட்டி மறுத்தாள். மேல்தட்டில் காபி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவள் ஒரு கையோடு போய் வந்தாள். நான் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் இதுதான் வேலை என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேனை எத்தனையோ பள்ளத்திலிருந்தும் மழையிலிருந்தும் மீட்ட கைகள் அவை.

"என்னாலதான்டி" என்றார். "போட்டுக்கினு இருந்திருந்தா அந்தப் பொண்ணு போயி உக்காந்திருக்கும்."

வேறு நேரமாக இருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். "ஆமாம்" என்றேன். "நானும் பாத்துக்கினுதான் இருந்தன். நானும் சொல்லல." முந்தானையை விலக்கி என் பெல்ட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை.

இறங்குவதற்கு முன்னால் அவள் மறுபடியும் மடி மடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இடது கையை யாரோ தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இவர் போர்வையை எப்போதோ மடித்து வைத்துவிட்டார். சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு பெல்ட் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி.

"நான் பொய் சொன்னன்மா" என்றார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு நின்ன? போயிருக்கலாம் இல்ல?"

"போயிருந்தா நீங்க மேல போயிருப்பீங்க" என்று அவள் மேல்தட்டைக் காட்டினாள்.

அவர் அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "எங்களுக்கெல்லாம் போட்டு வுடற. உனக்கு யாரும்மா போட்டு வுடறது?"

"முதல்ல உங்களுக்கு. அப்புறம்தான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சுவரோடு மடங்கியிருந்த சின்ன சீட்டை இழுத்து உட்கார்ந்தாள். அதற்குத் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு வார். ஒரு கையால் மாட்ட முடியவில்லை. பக்கத்திலிருந்த பெண் மாட்டிவிட்டாள். கடைசி வார் விழுகிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் இவர் முன்னால் திரும்பினார்.

இறங்கும்போது அவள் கதவருகே நின்றாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் மகள் வயசுப் பெண்ணை அவர் கும்பிட்டது எனக்குக் கொஞ்சமும் அதிகமாகத் தெரியவில்லை. அவள் நல்ல கையை மார்பில் வைத்துச் சொன்னாள்: "பாத்துப் போங்க சார்."

பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். மகளிடம் "வழியில கொஞ்சம் ஆடுச்சி" என்பதற்கு மேல் இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தோம். வரும்போது பெல்ட்டை இறுக்கிய இறுக்கில் அவருக்கு டீ கூட உள்ளே இறங்கவில்லை. நான் கேலி செய்தேன். விமானம் துளிகூட ஆடவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வேன் பக்கமிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கறிகாய் நறுக்குகிற கத்தியை வைத்துக்கொண்டு மெரூன் ரெக்சினைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். தங்கத் தையலோடு சேர்த்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கிழிசல். உள்ளே கையை விட்டு லாக்குகளைத் தோண்டி வெளியே எடுத்தார். ஒன்றில் வேர்க்கடலைத் தோல், ஒன்றில் காய்ந்த மல்லிகைக் காம்பு, ஒன்றில் சாக்லேட் காகிதம். என் கொண்டை ஊசியை வாங்கி எல்லாவற்றையும் குத்தி எடுத்தார். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். சீட்டு பார்க்கச் சகிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று சொன்னேன், மனசாரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த முதல் சவாரி பனித்திட்டிலிருந்து. மீன்பிடிக்கிற வீடு. அந்த வீட்டு ஆள் முதல்முறையாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறார். வழியனுப்ப மனைவியும் மச்சானும். விடிந்த பிறகுதான் கிளம்பினோம். ஏறி உட்கார்ந்ததும் இவர் எல்லோரையும் பெல்ட் போடச் சொன்னார்.

"இன்னாண்ணே, நாங்க கடல்லயே ஒண்ணும் கட்டிக்கினு போறதில்ல. ரோட்ல இன்னா பெல்ட்டு?" என்று சிரித்தார் அந்த ஆள். "சாவடி வரட்டும், போட்டுக்கறன்."

இவர் இறங்கி, பக்கத்துக் கதவைத் திறந்து, ஒவ்வொருவர் இடுப்பிலும் இருந்ததை இழுத்துப் பார்த்தார். அந்த ஆள் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, "போட்டுக்கினேன்ணே, போ" என்றார். இவர் போகவில்லை. துண்டை விலக்கினார். இரண்டு முனைகளும் தனியாகக் கிடந்தன. முகத்தைச் சுளிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து மாட்டினார், இழுத்தார், துண்டை எடுத்துப் பெல்ட்டுக்கு அடியில் விட்டார். சுற்றி வந்து என் கதவைத் திறந்து என்னுடையதையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு தன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் பெல்ட் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் போட்டவர் தனக்குப் போட மறந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். அவர் மேல் குறுக்கே சாய்ந்து அதை இழுத்து, கிழிசலுக்குள்ளிருந்த லாக்கில் சொருகினேன். டக் என்றது. ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"இப்ப வண்டிய எடுங்க" என்றேன்.